பிரபு மகளின் மனநிலை

"என்னம்மா எழுத்தாளரே, உங்க மந்திர ராஜ்யக் கதையில வர்ற பிரபுவோட மக மனநிலை ஒட்டவே இல்லையே!" சியோல் இணைய நாவல் தளத்தின் ஆசிரியர் மேங், போனில் பொரிந்து தள்ளினார். "காய்ச்சல்ல சுருண்டு கிடக்கிறா. சித்தி ஒரு அதட்டு போட்டதும் எழுந்து மாளிகையைத் துடைக்கிறா. வாசகனுக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு தொண்டையில அடைச்ச மாதிரி எரிச்சலா இருக்கு. எந்தப் பைத்தியக்காரி இப்படிச் செய்வா?"

"மன்னிச்சிடுங்க சார்," என்றாள் சேரின்.

"அஞ்சு மணிக்குள்ள மாத்தி அனுப்புங்க."

"சரிங்க சார். மன்னிச்சிடுங்க."

போனை வைத்ததும் நர்ஸ் முறைத்தாள். "முதல்ல லேப்டாப்பை மூடுங்க. ட்ரிப்ஸ் ஊசி ரெண்டாவது தடவையா கழண்டுடுச்சு."

"அஞ்சே நிமிஷம் சிஸ்டர்."

பிரபு மகள் சித்தியை நிமிர்ந்து பார்த்து, "முடியாது, எனக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்வதாக சேரின் எழுதினாள். படித்துப் பார்த்தாள்.

கொஞ்சமும் நம்பும்படி இல்லை. அழித்துவிட்டாள்.