புகார் கவுண்ட்டர்ப் பெண்

“வாங்காத கடனை நான் எதுக்கு கட்டணும்?”

ஒரு தையல்காரரின் அம்மா போட்ட சத்தத்தில் வங்கியே அதிர்ந்தது. புகார் கவுண்ட்டர்ப் பெண் பாஸ்புக்கைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“எங்க தப்புதாம்மா. இன்னைக்கே சரி பண்ணிடறோம்.”

“இவ்வளவு கத்தறேன், உனக்கு ரோஷமே வராதா?”

“சரிங்கம்மா.”

அம்மா அசந்துபோனார். அவர் வாய்க்குப் பயந்தே மகனுக்குப் பெண் கொடுக்க ஆளில்லை.

“என் பையனைக் கட்டிக்கிறியா?”

“சரிங்கம்மா.”

கையோடு மகனைக் கூட்டிவந்து காட்டினார். பார்த்ததும் அவளுக்கும் பிடித்துப்போனது. கடனும் ஒழிந்தது, கல்யாணமும் முடிந்தது.

மறுநாளே மாமியார் அடுக்களையில் குரலை உயர்த்த, மருமகள் இரண்டு மடங்கு உயர்த்தினாள்.

“பேங்க்ல பசு மாதிரி இருந்தியேடி!”

“புகார் கவுண்ட்டர்ல உட்கார்றவங்க காதுல பஞ்சு வெச்சுப்போம் அத்தை. வீட்டுல எதுக்கு?”

அந்த வாரமே மாமியார் மகள் வீட்டுக்கே போய்விட்டார். பாவம், அந்த வீட்டு மாப்பிள்ளை.