மேட்டில் தங்கும் காற்று

தொட்டி நிறைந்திருந்தது. குழாயில் எங்கும் உடைப்பில்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளோ தொட்டிக்குக் கீழே, சரிவில் இருந்தன. ஆனாலும் தண்ணீர் வரவில்லை.

கவுன்சிலர் ஜூடித்துக்கு இது பிடிபடவே இல்லை.

"கவுன்சிலரம்மா, குழாயத் தொறந்தா புஸ்ஸுன்னு காத்துதானுங்க வருது. குடத்துல புடிச்சு வெச்சுக்கட்டுங்களா?" என்றாள் மூக்கம்மா.

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஓடைக்கு இறங்கித் தண்ணீர் சுமந்துவிட்டுத்தான் அவர்கள் இலை பறிக்கப் போக வேண்டும். 'தண்ணி வரலைன்னா என்னைக் கேளுங்க' என்று சொல்லி ஓட்டு வாங்கியவள் ஜூடித்.

காற்றா?

குழாய் போன வழியே தேயிலைக்குள் ஏறினாள். பாதி வழியில் ஒரு மேடு. குழாய் அதில் ஏறி மறுபுறம் இறங்கியது.

விளங்கிவிட்டது. இரவில் தண்ணீரை நிறுத்தியதும் குழாய் காலியாகிக் காற்று புகுந்துகொள்கிறது. காலையில் திறந்தால், அந்தக் காற்று மேட்டின் உச்சியில் தங்கிவிடுகிறது. அதைத் தள்ளிவிட்டு வர, பின்னால் வரும் தண்ணீருக்குப் பலம் போதவில்லை. உச்சியில் காற்றை மட்டும் வெளியே விடும் சின்ன வால்வு ஒன்று இருந்தால் தீர்ந்தது.

வால்வு இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு மூடி திருகியிருந்தது.

கண்டுபிடித்த சந்தோஷம் வீடு வரும்வரை இருந்தது.

"ஏனுங்க, மேட்டுல வால்வு வைக்கலீங்களா?"

சோற்றைப் பிசைந்தபடியே கணவர் ஜாபேஸ் சொன்னார்: "எல்லாத்தையும் வெச்சா நம்ம ஊட்டு மேல மாடி எப்படி அம்மணி எழும்பும்? இப்பப் போய் வெச்சா, இத்தன நாளா ஏன் இல்லைன்னு கேப்பாங்க. வேலை முடிஞ்சுதுன்னு கையெழுத்துப் போட்டது நீதான்."

குழாய் போடும் ஒப்பந்தம் வேறொருவர் பெயரில். வேலையை எடுத்துச் செய்தவர் ஜாபேஸ்.

மன்றக் கூட்டத்தில், வார்டில் குறை ஏதும் உண்டா என்று தலைவர் கேட்டார். ஜூடித் எழுந்தாள். சொல்ல வேண்டியது முழுவதும் வாய்வரை வந்துவிட்டது.

இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

இப்போது லைன் வீடுகளில் தண்ணீர் வருகிறது.

வழி எளிதுதான். தினமும் காலையில் தொட்டியைத் திறந்துவிட்டதும் கவுன்சிலர் ஸ்பேனரோடு மேடு ஏற வேண்டும். மூடியை முழுக்கக் கழற்றாமல், கொஞ்சம் தளர்த்த வேண்டும். காற்று சீறி அடங்கித் தண்ணீர் பீச்சியதும் இறுக்க வேண்டும். இலை பறிக்கிறவர்கள் ஏறி வருவதற்குள் இறங்கிவிட வேண்டும்.