டைகருக்குத் துணை

ஜூலை நான்கு, அமெரிக்கச் சுதந்திர தினம். டெக்சஸின் பிளானோ நகரில் வான்மதி வீட்டார் வாணவேடிக்கை பார்க்கக் கிளம்பினார்கள்.

"நானும் வர்றேன். வெடிக்குப் பயப்படுற வம்சமா இது?" மாமனார் நஞ்சுண்டன் விறைப்பாக ஷூவை மாட்டினார்.

வான்மதி பதறினாள். "மாமா, சத்தத்துல டைகர் மிரண்டு ஓடிட்டா? நீங்க கூட இருந்தாத்தான் அடங்கும்."

"நாய்க்குக் காவலா நானு?" என்று முறைத்தவர், "சரி, வாயில்லா ஜீவன்" என்று கிழ டைகரை அழைத்துக்கொண்டு, துணிமணி வைக்கும், ஜன்னல் இல்லாத க்ளாசெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

காரில் ஏறியதும் மகள் கேட்டாள்: "மாம், டைகருக்குத்தான் காதே கேக்காதே?"

"கேக்காதுதான். போன வருஷம் முதல் வெடிக்கே கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சது டைகர் இல்லடி. வெளிய சொல்லிடாதே, தாத்தா மானம் போயிடும்."