சித்திக்கும் ஒரு மாத்திரை

"செத்துப்போன சித்திக்கு மாத்திரையா?"

அருண்ராஜ் போட்ட சத்தம் ஒன்பதாவது மாடி காரிடார் முழுக்கக் கேட்டது.

சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி புளோக் அது. இன்னும் கால் மணி நேரத்தில் ஒத்திகை. அக்கம்பக்கத்து நாடுகளில் அணு உலை வரலாம் என்று பேச்சு. எங்காவது கசிந்து, காற்று இந்தப் பக்கம் திரும்பினால்? சைரன் கேட்டதும் எல்லாரும் வீட்டுக்குள் போக வேண்டும். கதவு, ஜன்னல் மூடி, ஏர்கானை அணைத்துவிட்டு, தலைக்கு ஓர் அயோடின் மாத்திரை. ஒத்திகை என்பதால் மாத்திரைக்குப் பதில் பெப்பர்மின்ட்.

அருண்ராஜ் குடியிருப்பாளர் குழுச் செயலாளர். கையில் வீட்டுக்கு வீடு வாங்கிய ஆள் கணக்குப் படிவங்கள். எதிர் வீட்டு சூசைநாதன் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஒருமுறை தன் டபுள் டெக்கரில் ஏறிய புலி, பஸ் கட்டணக் கார்டைத் தட்டிவிட்டுத்தான் இறங்கியது என்று சத்தியம் செய்கிறவர்.

"அண்ணே, உங்க வீட்டுல நீங்களும் அண்ணியும் ரெண்டே பேரு. ஃபார்ம்ல ஆறுன்னு போட்டிருக்கீங்க."

"ஆறுதான்."

"ரஹீம், கமால், ரஞ்சன்... யாரு இவங்கல்லாம்? போதாததுக்கு சித்தி வேற. போன வருசம் உங்க சித்தியைப் புதைக்க சுவா சூ காங் கல்லறை வரைக்கும் நானே வந்தேனே!"

"வந்தீங்க. பீஹூன் ரெண்டு தட்டு சாப்பிட்டீங்க."

"அப்புறம்?"

"சித்தி நல்லாத்தான் இருக்கு தம்பி. காலையில லிஃப்ட்ல பார்த்தேன். குட் மார்னிங் சொல்லுச்சு."

பக்கத்து வீட்டு வாசலில் நின்ற சுஷ்மிதா சிரித்துவிட்டாள். "அன்னைக்குப் புலி, இன்னைக்குப் பேயா அங்கிள்?"

உள்ளேயிருந்து சூசைநாதனின் மனைவி அல்போன்சம்மாள் குரல் கொடுத்தார். "புலி பொய்தான். இது நெசம்."

"அண்ணி, நீங்களுமா! அதுவும் பேரெல்லாம் தமிழ்ல எழுதி... மேலே அனுப்பும்போது நான்தான் இங்கிலீஷ்ல மாத்தணும்."

"நாலு மொழியில அச்சடிச்சது நீங்க. புடிச்ச மொழியில எழுதினது நான்" என்றார் சூசைநாதன்.

"விளையாடாதீங்க அண்ணே. இந்த லிஸ்ட்டை வச்சுத்தான் பிளானே போடப்போறோம். நாளைக்கு நெசமாவே ஏதாச்சும் ஆச்சுன்னா, இதுல பேர் இருக்கிற ஆளுக்குத்தான் மாத்திரை."

"அதனாலதான் எழுதினேன்."

"மிட்டாய்க்கு இவ்வளவு ஆசையா?"

"எனக்கு சுகர். வாயில வச்சா இவ என்னைச் சித்திக்குப் பக்கத்துலயே புதைச்சிடுவா."

அருண்ராஜ் பேனாவை நீட்டினார். "நாலு பேரை அடிச்சிட்டு ரெண்டுன்னு போடுங்க. இல்லேன்னா ஃபார்ம் செல்லாது. நம்ம புளோக் நூறு சதவீதம் வராது. ஏற்கெனவே போன தடவை எதிர் புளோக் கப்பைத் தூக்கிட்டுப் போயிட்டான்."

"அடிக்க மாட்டேன்."

"அப்ப உங்க வீட்டுக்கு மிட்டாயே கிடையாது."

"வேணாம் லா, நீங்களே வச்சுக்குங்க. ஆனா பேர்ல கை வச்சீங்க, மறுபடி எழுதுவேன். மார்க்கர்ல. லிஃப்ட் கதவுல."

சைரன் அலறியது.

பட் பட்டென்று கதவுகள் மூடின. சுஷ்மிதா உள்ளே ஓடினாள். சூசைநாதன் வீட்டுக் கதவு மட்டும் திறந்தே இருந்தது. அவர் நிலைப்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மூடுங்க அண்ணே!"

"ஆள் வரணும்."

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். துடைப்பத்தோடு இரண்டு பேர், சட்டையெல்லாம் பெயின்ட்டோடு ஒருவர், மூச்சிரைக்க வந்தார்கள். சூசைநாதன் விலகி வழிவிட்டார். மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள்.

"இவங்க குடியிருப்பாளரே இல்லையே!"

"நீங்க நடக்கிற காரிடாரைத் தெனமும் கூட்டுறது ரஹீமும் கமாலும். கீழே சுவத்துக்குப் பெயின்ட் அடிக்கிறது ரஞ்சன். போன வாரமே சொல்லி வச்சிட்டேன், சைரன் கேட்டா நேரா இங்க வந்துடுங்கன்னு. காத்து என்ன, யூனிட் நம்பர் கேட்டுட்டா வீசும்?"

அருண்ராஜுக்கு முகம் சிவந்தது. விரல் விட்டு எண்ணினார்.

"சரி, அஞ்சு ஆச்சு. ஆறாவது? உங்க சித்தி சுவா சூ காங்லேர்ந்து பஸ் பிடிச்சு வர்றாங்களா?"

லிஃப்ட் திறந்தது.

அருண்ராஜ் வீட்டில் தங்கி வேலை செய்யும் இந்தோனீசியப் பெண், தேக்கா மார்க்கெட் பைகளோடு இறங்கினாள். ஒரு கையில் மீன், ஒரு கையில் கீரை. நேரே போய் அருண்ராஜ் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

உள்ளேயிருந்து அருண்ராஜின் மனைவி கத்தினார். "திறக்க முடியாது! இடுக்கெல்லாம் டேப் ஒட்டியாச்சு! லிஸ்ட்டுல இருக்கிற எல்லாரும் உள்ள வந்தாச்சு. முடியிற வரைக்கும் யாருக்கும் திறக்கக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்காரு. அங்கேயே நில்லு!"

அவள் திரும்பி அருண்ராஜைப் பார்த்தாள். பையிலிருந்து மீன் தண்ணீர் காரிடாரில் சொட்டியது.

"சார், நான் எங்க போறது?"

அருண்ராஜ் தன் வீட்டுப் படிவத்தைப் புரட்டினார். அவர், மனைவி, இரண்டு பிள்ளைகள். நான்கு பேர். கீழே அழகான கையெழுத்து.

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தார். பெயர் வரவில்லை. மூன்று வருடமாக அவர் வீட்டில் அவளுக்கு 'மெய்ட்' என்றுதான் பெயர்.

சூசைநாதன் கதவை இன்னும் அகலமாகத் திறந்தார். "இங்கிலீஷ்ல மாத்தும்போது எஸ்-ஐ-டி-ஐன்னு போடுங்க தம்பி, இந்தோனீசியப் பேரு" என்றார்.

"உள்ள வாம்மா, சித்தி."