மாடி ஏறத் தெரியாத கார்டு

இந்தக் காலத்தில் மனுசன் வாயால் சொன்னால் எவனும் நம்புவதில்லை. பெட்டிக்குள் ஒரு படம் தெரிந்தால் போதும், சாமி இறங்கி வந்து சொன்ன மாதிரி தலையாட்டுகிறான்கள். துறைமுக வாசலில் என் லோரிச் சாவியைப் பிடுங்கிக்கொண்ட அதிகாரி ரிட்ஸுவானும் அந்த ரகம்தான்.

"இது என்ன அங்கிள்?" என்று திரையைத் தட்டினான். என் கண்டெய்னருக்குள் ஊடுருவி எடுத்த படமாம். முன்சுவரை ஒட்டிச் சின்னச் சின்னப் பெட்டிகளாக அடுக்கியிருந்தது. கள்ளச் சிகரெட்.

"என் வண்டியில தரைக்கல்லுதான் துவான். நாப்பது வருசமா ஓட்டுறேன்."

"நாப்பது வருசமா இதைத்தான் கடத்துறீங்களா?"

சுற்றி நின்றவன்கள் சிரித்தான்கள். கதவைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தாயிற்று, கல்தான் இருந்தது. அப்படியும் விடவில்லை. முன்சுவர் இரட்டைச் சுவராக இருக்கும், அறுத்துப் பார்ப்போம் என்று ஆளைக் கூப்பிட்டான். என் சொந்த லோரி அது. போனால் லைசன்சும் சேர்ந்து போகும். அறுபத்தெட்டு வயதில் ஜெயில் சோறு.

அன்று காலை நல்லபடியாகத்தான் விடிந்தது. நாசி லெமாக் சோறு ரெண்டு பொட்டலம் வாங்கினேன். பக்கத்து வரிசையில் நின்ற வெள்ளை லோரியின் சன்னலில் ஒன்றை நீட்டினேன், சம்பல் தூக்கலாக வைக்கச் சொல்லி வாங்கியது. ரெண்டு வண்டியும் ஒரே நேரத்தில்தான் ரெண்டு வாசலிலும் நுழைந்தன. அது போய்விட்டது, நான் மாட்டிக்கொண்டேன்.

அறுக்கிறவன் மெசினை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு சீனப் பெண் மடிக்கணினியோடு ஓடி வந்தாள். மிஸ் குவெக். இந்தப் படம் எடுக்கிற மெசினைப் பார்த்துக்கொள்கிற கம்பெனி ஆள்.

"அறுக்காதீங்க துவான்! நேத்து நான்தான் இந்தக் கம்ப்யூட்டர்ல மெமரியை ஏத்தினேன். முன்ன நாலு ஜிபி, இப்ப பதினாறு. அதுல ஏதோ வில்லங்கம்."

"அதுக்கும் என் லோரிக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றேன்.

"அங்கிள் ஃபிளாட்டுலதானே இருக்கீங்க? எடுத்த படத்தைக் கொண்டுபோய் மெமரியில வைக்கிற கார்டு ஒண்ணு இருக்கு. பழைய கார்டு. அதுக்குக் கீழ்த்தளம் மட்டும்தான் தெரியும். முன்ன மெமரியே கீழ்த்தளம் அளவுதான், ஒழுங்கா ஓடுச்சு. இப்ப மேல மூணு மாடி கட்டியாச்சு. மூணாம் மாடி பதினேழாம் நம்பர் வீட்டுல வைன்னு சொன்னா, அது மாடியை விட்டுட்டு, கீழ பதினேழாம் நம்பர்ல போட்டுட்டு வந்துடும்."

"யாரும் அதுகிட்ட சொல்லலையா?"

"கார்டுகிட்ட இல்ல அங்கிள், கம்ப்யூட்டர்கிட்ட சொல்லணும். 'இதுக்கு மாடி ஏறத் தெரியாது, கீழ்வீடு மட்டும் குடு'ன்னு. அதைச் சொல்ற புரோகிராமுக்குப் பேரு டிரைவர். அது சொல்லாம விட்டுடுச்சு."

"அந்த டிரைவர் சாவியைப் புடுங்கலாமே துவான்? என் சாவிதானா கெடச்சுது?"

ரிட்ஸுவானுக்குச் சிரிப்பு வரவில்லை. "பத்து நிமிசம் தர்றேன் மிஸ். அப்புறம் அறுத்துடுவோம்."

அவள் உட்கார்ந்து தட்டினாள். அறுக்கிறவன் என் கண்டெய்னரில் சாய்ந்து பீடி பற்ற வைத்தான். எனக்கு அந்தப் பெண் சொன்னதில் பாதி புரியவில்லை, புரிந்த பாதியில் நம்பிக்கையில்லை. மெசினை வைத்துப் பிழைக்கிறவள் மெசினுக்குத்தானே பரிந்து பேசுவாள்.

எட்டாவது நிமிடம் நிமிர்ந்தாள். "இப்பச் சொல்லிட்டேன். வண்டியை இன்னொரு தடவை உள்ள விடுங்க."

விட்டார்கள். திரையில் கல், கல், வெறும் கல். முன்சுவரை ஒட்டி ஒரு தீப்பெட்டிகூட இல்லை. அறுக்கிறவன் மெசினைக் கீழே வைத்தான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்ப அந்தச் சிகரெட்டு பொய்யா?" என்றான் ரிட்ஸுவான்.

"நிசந்தான் துவான். ரெண்டு வாசலுக்கும் இந்த ஒரே கம்ப்யூட்டர்தான். அதே நேரத்துல இன்னொரு வண்டியையும் எடுத்திருக்கு. மாடி வீட்டுக்குப் போகவேண்டிய அந்தப் படம், கீழ இருந்த அங்கிள் படத்து மேல விழுந்துடுச்சு. மாடி வீட்டுல கிடந்த ஏதோ பழைய படத்தைப் பார்த்துட்டு அந்த வண்டியை விட்டுட்டாங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. மேசையில் ஓங்கி அடித்தேன். "எவனோ பண்ண களவாணித்தனத்துக்கு நான் ரெண்டு மணி நேரமா நாய் மாதிரி நிக்கிறேன். அவனைப் புடிங்க துவான்! புடிச்சு உள்ள தள்ளுங்க! ஈவு இரக்கமே பாக்காதீங்க!"

மிஸ் குவெக் பட்டியலில் விரலை ஓட்டினாள். "ரெண்டாம் வாசல். வெள்ளை லோரி, நம்பர் 6142."

ரிட்ஸுவான் வாக்கிடாக்கியில் நம்பரைச் சொன்னான். பிறகு என் சாவியை ரெண்டு கையாலும் நீட்டினான். "மன்னிச்சுக்குங்க அங்கிள். போயிட்டு வாங்க."

சாவியை வாங்கினேன்.

"இந்த மெசினு பொய் சொல்லுது துவான்."

"என்ன அங்கிள், இப்பத்தானே உள்ள தள்ளுன்னு குதிச்சீங்க?"

"காலையில ஒரு பேச்சு, இப்ப ஒரு பேச்சு. மாடிங்குது, கீழ்வீடுங்குது. இதை நம்பி ஒருத்தனைப் புடிப்பீங்களா? நான் நம்பமாட்டேன்."

திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். முதுகுக்குப் பின்னால் வாக்கிடாக்கி கரகரத்தது.

"வண்டி வெளியதான் நிக்குது துவான். அப்பா இன்னும் வரலையாம், காத்துக்கிட்டிருக்கான்."