துடைப்பத்தில் ஒரு சில்லு

யூத வழக்கப்படி மணமகன் ஆவ்ரம், துணியில் சுற்றிய கண்ணாடிக் குவளையை மிதித்து உடைத்தான். துணி பிரிந்து சில்லுகள் சிதறின. மணமகள் டெலியா வெறுங்காலோடு நின்றாள். அமெரிக்கக் கறுப்பினத்தவரான அவள் வீட்டாரின் வழக்கப்படி, இருவரும் அடுத்து ஒரு துடைப்பத்தைத் தாண்ட வேண்டும்.

“ஐயோ, பிள்ளை காலில குத்திடும்!” ஆவ்ரமின் தாய் ரிவ்கா, ரிப்பன் கட்டிக் கிடந்த அந்தத் துடைப்பத்தையே எடுத்துப் பெருக்கத் தொடங்கினாள்.

பாட்டு நின்றது. டெலியாவின் அத்தைகள் எழுந்துவிட்டார்கள்.

“அது பெருக்குறதுக்கில்ல, சம்பந்தியம்மா.” டெலியாவின் தாய் ஓடெட் முன்னால் வந்தாள். “எங்க முன்னோர் அடிமையா இருந்தப்ப, அவங்க கல்யாணத்த எந்தச் சட்டமும் ஒத்துக்கல. இதைத் தாண்டித்தான் புருஷன் பொண்டாட்டி ஆனாங்க.”

ரிவ்கா பெருக்குவதை நிறுத்தினாள். “எருசலேம்ல இடிஞ்ச எங்க கோயிலை நல்ல நாள்லயும் மறக்கக் கூடாதுன்னுதான் நாங்க குவளையை உடைக்கிறோம். அதெல்லாம் தெரிஞ்ச நான், உங்களோடதைக் கெடுத்துட்டேனே!”

ஓடெட் துடைப்பத்தை வாங்கினாள். ஈர்க்குகளுக்கிடையே ஒரு சில்லு மின்னியது. அதைப் பிடுங்கப் போன ரிவ்காவின் கையைத் தடுத்தாள்.

“இருக்கட்டும், விடுங்க.”

ரிப்பனை அவிழ்த்துச் சில்லின் மேல் சுற்றி முடிந்து, துடைப்பத்தை மறுபடி தரையில் வைத்தாள். ரிவ்கா மண்டியிட்டு, அதற்கு அப்பாலிருந்த தரையில் வேறு சில்லு கிடக்கிறதா என்று உள்ளங்கையால் மெல்லத் தடவிப் பார்த்தாள்.

டெலியா காலைத் தூக்கினாள்.