ஆளில்லாத நகரத்துக்கு நாலு மார்க்

"பத்துக்கு நான் போட்ட நாலு மார்க்கைத் தூக்குங்க சார். தப்பா எழுதிட்டேன்."

அச்சேறிய மார்க்கை மாற்றச் சொல்லி மட்டும் கேட்காதே என்று அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே எச்சரித்த பத்திரிகை ஆசிரியர், டீ கிளாஸோடு நிமிர்கிறார். ஜன்னல் வெயில் அவள் கையிலிருக்கும் வீடியோ கேம் கன்ட்ரோலரின் தேய்ந்த பொத்தான்களில் மினுங்குகிறது. எல்லோருக்கும் முந்தி விமர்சனம் வரவேண்டுமென்று, ஆயிரம் பேர் இணையத்தில் கூடி ஆடும் சூப்பர்ஹீரோ விளையாட்டை, வெளியாகும் முன்பே ஆள் நுழையாத சர்வரில் தனியாக ஆடி, 'உயிரில்லாத நகரம்' என்று எழுதியிருந்தாள். நேற்றுதான் சர்வரை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் அவள் அம்மா ஆட உட்கார்ந்து, திரையில் பறக்கத் தெரியாமல் மாடியிலிருந்து விழ, முகம் தெரியாத பதினொரு பேர் பறந்து வந்து தாங்கினார்கள். "யாரு பெத்த புள்ளைங்களோ!" என்று அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் இவள் காதுக்குள் குதிக்கிறது.

"மார்க்கை மாத்தினா படிக்கிறவன் நம்மள நம்புவானா?"

"கல்யாண மண்டபத்துக்கு முந்தின நாளே போய்ப் பார்த்துட்டு, கூட்டமே இல்லைன்னு எழுதியிருக்கேன். அதை மட்டும் நம்பலாமா?"

சிரிப்பில் அவருக்கு டீ புரையேறுகிறது. ஆனாலும் முடியாதென்று தலையை ஆட்டுகிறார். அவள் அடையாள அட்டையைக் கழற்றி டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைக்கிறாள்.

"என் பேர்லயே காலையில இணையத்துல போட்டுட்டேன் சார், ஒன்பது மார்க். வரேன், அம்மாவுக்குப் பறக்கச் சொல்லித் தரணும்."

படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்குகிறாள்.